பாதாம் மரம் சிவக்கத் தொடங்கிவிட்டது

அன்புள்ள தம்பி,

நம் பாதாம் மரம் சிவக்கத் தொடங்கிவிட்டது. இன்று காலை எண்ணினேன், பதினேழு இலைகள். இரண்டு வருஷமாக மதிலோரம் அந்தச் செங்கல் மேல் நின்று வாரம் ஒரு படம் எடுக்கிறேன் அல்லவா, இன்றைக்கும் எடுத்தேன். உனக்கும் அனுப்பினேன். போன வாரப் படமும் அதற்கு முந்தைய வாரப் படமும் உன்னிடம்தான் கிடக்கின்றன. ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். உன் அக்காவுக்கு மட்டும் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் குறி வந்ததாம். அவள் வீடு மாறிய கதையை அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பனிப் படம். நவம்பரில் ஜன்னல் வழியாக எடுத்து அனுப்பினாயே, அது. பனி முழுவதும் அழுக்குச் சாம்பலாக இருந்தது. "இங்கே எல்லாமே இந்த நிறம்தான்" என்று கீழே எழுதியிருந்தாய். அது பனியின் நிறம் இல்லை, தம்பி. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. பளீரென்ற வெள்ளையைக் கண்டால் தானாகவே மங்கலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டு, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு, போதாவிட்டால் ஒன்றரை ஸ்டாப். வெள்ளை வெள்ளையாக வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஐஎஸ்ஓ என்றால் என்ன, ஷட்டர் என்றால் என்ன என்று போனில் ஒரு மணி நேரம், ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளாமல். என் பிள்ளையின் பொறுமை யாருக்கும் வராது என்று என்னோடு நடக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவன் ஜன்னலுக்கு உள்ளேயே நின்று எடுக்கலாமா?

வெளியே போ. பத்து நிமிஷம் போதும். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றச் சொல்கிற கேமரா, மேகம் மூடிய பகலில் வாசலுக்கு வந்தால் 200 போதும் என்கிறது. இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் வெளிச்சத்தை அளந்தால் அறைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ், மூட்டமான வானத்தின் கீழேகூட ஆயிரக்கணக்கில். பகல் சுருங்கும் மாதங்களில் சிலருக்கு மனம் அமிழ்ந்துபோவதை 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு நோயாகவே விவரித்திருக்கிறார்கள். உனக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை. சும்மா படித்தேன்.

இந்த டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதிதான் ஆண்டிலேயே சின்னப் பகல். அதற்குப் பிறகு ஏறத் தொடங்கும். முதலில் நாளுக்குச் சில விநாடிகள், அப்புறம் நிமிஷக் கணக்கில். ஆனால் நீ இருக்கிற பக்கத்தில் விடியல் மட்டும் ஜனவரி தொடக்கம் வரை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். காலை இருட்டைப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று நினைத்துவிடாதே. சாயங்காலத்தைப் பார். அந்தப் பக்கம்தான் முதலில் நீளும்.

எங்கும் தூரமாகப் போக வேண்டாம். வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி, 1885இல் நுண்ணோக்கியைக் கேமராவோடு பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்தார், எல்லாம் தன் பண்ணையில் விழுந்தவை. உன் தெருவில் ஒரு மரம் போதும், ஒரு வேலிக்கம்பி போதும். ஒரே இடத்தில் நின்று எடு. பத்தாவது படத்தில்தான் முதல் படத்தில் என்ன இருந்தது என்றே தெரியும். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். திரும்பி வரும்போது கேமராவைப் பையிலேயே மூடி வை, உடனே எடுத்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பத்து நிமிஷம்தான். போ.

இலை சிவப்பதைப் பற்றி எழுத வந்தேன். மரம் இலையைச் சும்மா விட்டுவிடுவதில்லை. உதிர்க்கும் முன் அதிலிருந்து எடுக்க முடிந்த சத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது, பச்சையம் சிதைகிறது, சிவப்பு ஏறுகிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி, இலை பிரியும்போது காயத்தை மூடுகிறது. இன்று ஒன்றைத் தொட்டேன். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. காம்பு இருந்த இடத்தில் வழவழப்பாக ஒரு சின்னத் தழும்பு.

உள்ளங்கையில் அந்த இலையோடு நெடுநேரம் நின்றேன் தம்பி. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ எட்டாவது படித்த வருஷம் நான் மாடி அறையில் கிடந்தது தலைவலியால் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் போகவில்லை, வெட்கம். ஒரு நாள் பள்ளி விட்டு வந்து கதவுக்கு அடியில் ஒரு பாதாம் இலையைத் தள்ளினாய். கத்தரிப்பூ கலந்த சிவப்பு, ஓரத்தில் மட்டும் பச்சை. நீ கதவுக்கு அந்தப் பக்கமே நின்றது தெரிந்தது, உன் கால்களின் நிழல் உள்ளே விழுந்திருந்தது. நான் இலையை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி படுத்திருந்தேன், நிழல் போகும் வரைக்கும். இன்றைக்கு நான் எடுக்கிற மரத்தை அந்த ஜன்னலிலிருந்துதான் முதலில் பார்க்கத் தொடங்கினேன். உன்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் போனில் "காலையில் எழுந்திருக்கவே தோன்றவில்லை அம்மா" என்று சொன்னாய். எனக்கு உடனே புரிந்தது. வீட்டில் வேறு யாரையும்விட எனக்குத்தான் புரிந்திருக்கும். "சீக்கிரம் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் பனிப் படத்தைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது தடவையும் கதவைத் திறக்கவில்லை.

மருத்துவரைப் பார், தம்பி. நான் போகாததால் போன காலம் உனக்குப் போக வேண்டாம். தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் போனை எடுத்துச் சட்டைப்பையில் வை, நான் இணைப்பில் இருக்கிறேன். படம் எடுக்கத் தோன்றாவிட்டால் எடுக்காதே. என் படங்களுக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஞாயிறு காலை, உனக்கு விடிந்த பிறகு, அழைக்கிறேன். பேச வேண்டாம். எடுத்தால் மட்டும் போதும். நான் மரத்தடியில் நிற்பேன், எத்தனை இலை மிச்சம் என்று எண்ணிச் சொல்கிறேன்.

அம்மா