ஞாயிறு கதை நேரம்: நிஜமாக வாழ்ந்த பெண்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு (14-ஆம் தேதி) மாலை 4.30 மணிக்கு, பி பிளாக் மொட்டை மாடியில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை நேரம்.

1. முதல் கதை நான் சொல்கிறேன்: அன்னா மணி. 1918-ல் கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு தந்தார்கள்; அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாராம். பிற்பாடு சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் அதே வைரத்தைத்தான் ஆராய்ந்தார்! அப்புறம் வானிலைத் துறையில் சேர்ந்து, வெயிலையும் காற்றையும் அளக்கும் கருவிகளை இங்கேயே செய்ய வழி செய்தார்.
2. அடுத்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?
3. பையன்களையும் அவசியம் அனுப்புங்கள். போன முறை மூன்றே பேர்தான் வந்தார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.
4. பாய், தண்ணீர் பாட்டில், நோட்டு, பென்சில்.
5. படிக்கப் போராடிய பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால், ஐந்து நிமிடம் பேச அழைத்து வாருங்கள்.

வெள்ளி இரவுக்குள் பிள்ளையின் பெயர், வயது இங்கேயே போடுங்கள். மழை வந்தால் கீழே கார் பார்க்கிங்கில் நடக்கும்.