எங்கள் அனலைத் தாங்கியவர்களுக்கு

இந்தக் குடியிருப்பில் இருக்கும் எல்லோருக்கும்,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு எட்டு நாள். காலையில் தானாக எழுந்து, தானாகப் பல் துலக்கி, பேப்பரில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முழுக்கத் தேறிவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஒவ்வொரு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு வீட்டில் முயன்றும் பார்த்தேன். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வெயில் உச்சத்தில் இருந்த வாரத்தின் இரண்டாம் நாள் இரவு ஏசி நின்றது. நின்றது என்றால் முழுதாக நிற்கவில்லை. உள்ளே காற்று வந்தது, குளிர் வரவில்லை. வெளியே இருக்கும் ஏசிப் பெட்டியின், அதாவது அவுட்டோரின், விசிறி சுற்றியது. கம்ப்ரஸர் மட்டும் ஒரு முறை உறுமும், 'டக்' என்று அடங்கும், மறுபடி உறுமும். அன்று பகலில் வெளியே 43 டிகிரி. நாங்கள் இருப்பதோ மேல் மாடி. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கூரை இரவில்தான் திருப்பித் தருகிறது. பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால், சற்று முன் இறக்கி வைத்த பாத்திரத்தைத் தொட்டது போல இருந்தது. அறைக்குள் 36 டிகிரி.

சர்வீஸுக்குப் போன் செய்தால் ஐந்து நாள் ஆகும் என்றார்கள். ஊரில் எல்லா ஏசியும் ஒரே வாரத்தில்தான் படுக்கும் போலிருக்கிறது. பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தது. சிரிக்காதீர்கள்.

மூன்றாம் மாடித் தம்பி சிரித்தார். பொறியியல் படிக்கிறார் அல்லவா. "அண்ணா, ஃபிரிட்ஜ் முன்னால எடுக்கிற சூட்டைப் பின்னால கொட்டுது. அதோட மோட்டார் சூடும் சேருது. கதவைத் திறந்து வெச்சா ரூம் இன்னும் சூடாகும்" என்றார். சரி, ஐஸ் கட்டிகளை ஒரு தட்டில் போட்டு ஃபேன் முன்னால் வைத்தால்? அதுவும் அதே கணக்குத்தானாம். என் ஃபிரிட்ஜ் ஐஸ் செய்யும்போது வெளியே விடும் சூடும் என் வீட்டுக்குள்தானே சுற்றுகிறது. "ஐஸ் வேற வீட்ல செஞ்சா உங்களுக்கு லாபம்" என்று சொல்லிவிட்டு, அவரே கீழே போய் முதல் மாடிக் குடும்பத்தைக் கேட்டுவிட்டு வந்தார். அன்று முதல் ஐந்து நாள் அவர்களுடைய ஃபிரீஸரில் பாதி இடம் எங்கள் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத்தான். யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டுச் சூட்டை எடுத்து உங்கள் சமையலறையில் கொட்டியிருக்கிறோம். முதல் மாடிக்கு முதல் நன்றியும், அதோடு ஒரு மன்னிப்பும்.

தம்பி இன்னொரு கணக்கும் சொன்னார். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் தோலின் மேல் ஆவியானால் கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் எடுத்துப் போகிறது. ஏழு மடங்கு! நான் படிகளில் ஏறி இறங்கி ஐஸ் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு ஈரத்துணி அதைவிட நன்றாக வேலை செய்யுமாம். ஆனால் அந்த ஐஸும் வீணாகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, உங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது.

எங்கள் அவுட்டோர் உங்கள் பால்கனியைப் பார்த்து இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நீங்கள் வந்து, "தம்பி, ராத்திரி அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே முடியல, அனல் அடிக்குது, கொஞ்சம் மாத்தி வைக்க முடியுமா" என்று கேட்டீர்கள். "பார்க்கலாம்க்கா" என்றேன். பார்க்கவே இல்லை. ஏசி ஓடும்போது கதவும் ஜன்னலும் அடைத்துத்தான் இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு வெளியே அடிக்கும் அனல் எப்படித் தெரியும்? ஏசி நின்ற மறுநாள் காலையில் நீங்கள் கதவைத் தட்டியபோது, சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். "உங்க புண்ணியத்துல நேத்து ராத்திரி ஜன்னலைத் திறந்து தூங்கினேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நேராக உள்ளே வந்து எங்கள் திரைச்சீலைகளைப் பார்த்தீர்கள்.

ஏசியே வாங்காமல் இத்தனை கோடைகளைக் கடந்தவர் நீங்கள். எங்களுக்குத் தெரியாத ஒரு முழுப் பாடம் உங்களிடம் இருந்தது. திரையை ஜன்னலுக்கு உள்ளே தொங்கவிட்டுப் பெரிய பயனில்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு அது உள்ளே வந்த சூடுதான், வெளியிலேயே மறிக்க வேண்டும் என்று சொல்லி உங்கள் வீட்டு வெள்ளைப் போர்வைகளைக் கொண்டுவந்து வெளிப் பக்கம் கட்டினீர்கள். காலை எட்டு மணிக்குள் எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டும். வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும், அதுவும் எதிரெதிராக இரண்டை. நான் அதுவரை நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன், பகலில் 'காற்று வரட்டும்' என்று திறந்து வைத்து. படுக்கக் கட்டிலைவிடத் தரை நல்லது. வெயில் படாத அறை எதுவோ அதுவே இனி படுக்கையறை. பகலில் அடுப்பு பற்ற வைக்கக்கூடாது என்று சொல்லி, மூன்று நாள் எங்களுக்கும் சேர்த்து நீங்களே அதிகாலையில் சமைத்தீர்கள். தரையை ஈரத்துணியால் துடைக்கப் போன என் மனைவியிடம், "அடைச்ச ரூம்ல துடைக்காதீங்க, புழுங்கிடும், ஜன்னல் திறந்தப்புறம் துடைங்க" என்றீர்கள். முதல் நாள் மதியமே அறை நான்கு டிகிரி குறைந்தது. எங்கள் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன்.

இவ்வளவும் செய்து, நான்காம் நாள் நானே கோட்டைவிட்டேன். அப்பாவுக்கு 78 வயது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது என்று தண்ணீரை ரகசியமாகக் குறைத்துவிட்டார். கேட்டால் "குடிச்சாச்சு" என்பார். வயதானால் தாகமும் முன்போலத் தெரியாதாம், அதனால் அவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. அன்று மதியம் ஜன்னல் சாத்திய அறையில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் படுத்திருந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். மூன்று மணிக்கு நான் வந்தபோது என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். எதிர் வீட்டு அம்மா அப்படி நினைக்கவில்லை. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர், பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார், நெற்றியில் கை வைத்தார், அவ்வளவுதான். "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு தம்பி. அப்புறம் பேசலாம்." நான் போனில் பேசி முடிப்பதற்குள் அப்பாவின் சட்டையைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, போர்வையைத் தண்ணீரில் நனைத்து மேலே போட்டிருந்தார். ஃபேனை அதன் மேல் திருப்பினார். தெர்மாமீட்டரில் 40.6.

நான் காய்ச்சல் மாத்திரையை எடுத்து வந்தேன். தட்டிவிட்டார். "இது காய்ச்சல் இல்ல. காய்ச்சல்னா உடம்பே சூட்டை ஏத்தி வெச்சுக்கும், அதைத்தான் மாத்திரை இறக்கும். இங்க உடம்பால சூட்டை வெளியே தள்ள முடியல, மாத்திரை என்ன பண்ணும்?" தண்ணீர் டம்ளரோடு போனேன். அதற்கும் திட்டு. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். "ஐஸ் இருக்கா?" என்றார். அப்போதுதான் முதல் மாடி ஃபிரீஸர் நினைவுக்கு வந்தது. தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய் பாட்டில்களை அள்ளி வந்தார். துணியில் சுற்றிக் கழுத்தின் இரு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா போர்வையை நனைத்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது 39-க்குக் கொஞ்சம் கீழே. அப்பா கண் திறந்து, "ஏன் எல்லாரும் நம்ம வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டார். என் பெயரையும் சரியாகச் சொன்னார்.

எதிர் வீட்டு அம்மா, அந்த நேரத்தில் நீங்கள் என்னைத் திட்டிய ஒவ்வொரு திட்டுக்கும் தனித்தனியாக நன்றி. ஃபேனைப் பற்றி நீங்கள் பிறகு சொன்னதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: அறை 40 டிகிரியைத் தொட்டால் வெறும் ஃபேன் உதவாது, சூட்டைத்தான் உடம்பின் மேல் அள்ளிப் போடும், தோல் ஈரமாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 40 டிகிரிக்குக் கீழேதான் ஃபேனைப் பரிந்துரைக்கிறது என்று பின்னர் படித்தேன்.

அவசரப் பிரிவில் அன்று இரவு இருந்த டாக்டருக்கும் செவிலியர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேருமா தெரியாது. அப்பாவைப் போலவே வந்தவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்த நெரிசலிலும் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, கோடைக்கு மட்டும் அளவை மாற்றிக் கொடுத்தார் டாக்டர். நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அங்கே வராந்தாவில் உட்கார்ந்து போனில் எதையெதையோ படித்தேன். 1995-ல் சிகாகோவில் சில நாள் அடித்த வெயிலில் எழுநூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பிரான்ஸில் 2003 ஆகஸ்டில் சுமார் 15,000 பேர். இரண்டு இடத்திலும் வயதானவர்கள் அதிகம். பலர் தனியாக வாழ்ந்தவர்கள், அடைத்த கதவுக்குள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. போனை மூடிவிட்டு எதிர் வீட்டு அம்மா கொடுத்தனுப்பிய தண்ணீரைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா வந்ததும் ஏசி சரியாகும் வரை அவரைத் தங்கள் அறையில் படுக்க வைத்துக்கொண்டது முதல் மாடிக் குடும்பம். தங்கள் இரு பிள்ளைகளையும் ஹாலில் படுக்க வைத்துவிட்டு! ஃபிரீஸருக்குச் சொன்ன மன்னிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் என் ஷிஃப்டை எடுத்துக்கொண்ட இருவருக்கும் நேரில் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஏசி. முதலில் வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "கேஸ் தீர்ந்துபோச்சு, கம்ப்ரஸரும் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. இரண்டாவதாக வந்தவர், தம்பி எங்கிருந்தோ பிடித்து வந்த பெரியவர், அன்றைய ஒன்பதாவது வீடாக இரவு பத்து மணிக்கு எங்கள் படியேறினார். சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, ஒரு டப்பா போன்ற பாகத்தைச் சுட்டிக்காட்டினார். கெப்பாசிட்டர். தலை உப்பியிருந்தது. அதில் மீந்திருக்கும் மின்சாரத்தை வெளியேற்றிய பிறகுதான் தொட்டார். தெரியாதவர்கள் கை வைக்கக்கூடாத இடமாம். மேலே 45 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது, மீட்டரில் இருபதுகூட வரவில்லை. கம்ப்ரஸருக்குக் கிளம்ப வேண்டிய உந்துதல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். "கேஸ் என்ன பெட்ரோலா சார், ஓட ஓடத் தீர்றதுக்கு? குறைஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் போட்டா அடுத்த வருஷமும் போடணும்." பிறகு அவுட்டோரின் பின்பக்கத் தகடுகளில் கம்பளி போல அப்பியிருந்த தூசியைக் காட்டினார். சூடு வெளியேற வழியில்லாமல் இயந்திரமே திணறியிருக்கிறது. இருபது நிமிட வேலை. குளிர்ந்த காற்று வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒரு நிமிடம் உட்காருங்கள் என்றேன், பத்தாவது வீடு காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

அவரிடமே போனில் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு காலை வந்து அவுட்டோரைக் கழற்றி மேலே மொட்டை மாடியில், யார் ஜன்னலையும் பார்க்காத பக்கமாக வைக்கப்போகிறார். செம்புக் குழாய் கொஞ்சம் நீளும், மேலே நிழலுக்கு ஒரு மறைப்பும் போட வேண்டும், போடலாம்.

அக்கா, உங்கள் பால்கனி வழியாகத்தான் கழற்ற முடியுமாம். ஒரு மணி நேரம் சத்தம் இருக்கும். துணி காயப்போட்டிருந்தால் மட்டும் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல் மாடி வீட்டுக்காரன்