கீமோவுக்குத் திரட்டும் பணம் அரிசிக்கும் சேர வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் அறிவிப்புகள் பலவற்றில் ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது: 'சிகிச்சைக்கு 6 லட்சம் தேவை.' அந்த 6 லட்சம் எப்படி வந்தது, காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும், வேலைக்குப் போகாத மாதங்களில் வீட்டு வாடகையை யார் கொடுப்பது என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. மருந்து இலவசமாகக் கிடைத்தும், ஆஸ்பத்திரிக்குப் போய்வரவும் வீட்டில் உலை வைக்கவும் காசில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடுகிற குடும்பங்கள் உண்டு. எங்கள் வட்டாரத்தில் இத்தகைய குடும்பங்களுக்குப் பணம் திரட்டி வருகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

வசூலில் இறங்கும் முன் காப்பீட்டைப் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று. பதற்றத்தில் நகையை அடகு வைத்து, தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு காப்பீட்டு அட்டையைத் தேடுகிறார்கள். இது சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டிய திட்டம். கட்டிய பணத்தைத் திருப்பித் தராது. நோய் உறுதியான நாளே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் 'எந்தெந்தச் சிகிச்சை இதில் வரும், எது வெளியே போகும்' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைச் செலவில், வெளியே போகும் என்று சொன்னதற்குத்தான் வசூல் வேண்டும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நோய் விடுப்பில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதன் பிறகு 80 சதவீதம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இரண்டு ஆண்டு வேலைக்காலமும் உரிய சந்தா நாட்களும் இருக்க வேண்டும். சிலர் வேலையிடத்தில் 'இனி வேலைக்கு வர முடியாது' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றும் நாள் விடாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரப் பணம் சிக்கலாகிவிடும்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். மார்பகப் புற்றுநோயில் பரவலாகக் கொடுக்கப்படும் முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 21 நாளுக்கு ஒருமுறை வீதம் 8 கீமோ, ஓர் அறுவை சிகிச்சை, 15 நாள் ரேடியேஷன். ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அதுதான். எல்லாம் சேர்ந்து சுமார் 9 மாதம். மனைவி தையல் வேலையில் மாதம் 7,000 ரூபாயும், கணவர் வண்டி ஓட்டி நாளைக்கு 700 ரூபாயும் சம்பாதிக்கிறார்கள் என்று வைப்போம். சிகிச்சைச் செலவு முழுவதையும் காப்பீடே ஏற்றுக்கொண்டாலும் மிச்சக் கணக்கு இது:

மனைவியின் 9 மாத வருமானம் 63,000. கூடப் போகும் கணவருக்கு 55 நாள் கூலி 38,500. பத்து முறை போய்வர, இருவருக்கும் சாப்பாடு உட்பட 20,000. ரேடியேஷனுக்காக 3 வாரம் அங்கேயே தங்க 10,500. வெளியே எடுக்கும் ரத்தப் பரிசோதனை, மாத்திரை 12,000. ஆக 1,44,000 ரூபாய்.

கீமோ எட்டுதானே, பயணம் ஏன் பத்து என்று கேட்கலாம். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் மருந்து ஏற்ற மாட்டார்கள். 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பிவிடுவார்கள். விடியற்காலை பஸ் பிடித்து, மடியில் பிளாஸ்டிக் கவரும் ஈரத்துணியும் வைத்துக்கொண்டு வந்தவர் ஊசியே போடாமல் திரும்ப வேண்டும். டிக்கெட் காசும் கணவரின் கூலியும் போனது போனதுதான். எட்டுக்கு இரண்டு இப்படி ஆகும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். முடிந்தால் ரத்தப் பரிசோதனையை முதல் நாளே உள்ளூரில் எடுத்து, முடிவைப் போனில் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் கொடுத்தால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை.

அடுத்தது, பணம் வருகிற வேகம். உதவி கேட்ட முதல் பத்து நாள் நன்றாக வரும். பிறகு அடங்கிவிடும். நோயோ 9 மாதம் இருக்கும். அதனால் மொத்தமாகக் கேட்பதைவிட மாத உறுதியாகக் கேட்பதே எங்களுக்கு நல்ல வழியாகத் தெரிகிறது. மேலே சொன்ன 1,44,000 ரூபாயை ஒன்பதால் வகுத்தால் மாதம் 16,000. ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று 32 பேர் ஒத்துக்கொண்டால் முடிந்தது. கூடப் படித்தவர்கள், ஒரே தெருக்காரர்கள், வேலையிடத்தில் இருப்பவர்கள் என்று சேர்த்தால் 32 பேர் கிடைப்பது கஷ்டமில்லை. மாதம் 5ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் வாடகைக்கும் மகளிர் குழுத் தவணைக்கும் உதவும்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து தெரியாதவர்கள் இல்லை. மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று மூன்றும் வரிசையாக எழுதும் வழக்கம் உதவிக் கணக்குக்கும் அருமையாகப் பொருந்தும். வரவு ஒரு பக்கம், செலவு எதிர்ப்பக்கம், பில்லை அங்கேயே ஒட்டிவிடலாம். ஆனால் மொய் திரும்பச் செய்ய வேண்டியது. இந்தப் பணம் அப்படியல்ல என்பதைக் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், பிழைத்து எழுந்தவர் ஊராருக்கெல்லாம் கடன்பட்டதாக எண்ணி, மருந்து முடியும் முன்பே வேலைக்கு ஓடுகிறார்.

பணம் வாங்கும் கணக்கில் கவனம் வேண்டும். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்தான் வரவு வைக்க முடியும். எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, மாதம் 10,000 ரூபாய்தான் எடுக்கவும் முடியும். வசூல் ஓடிக்கொண்டிருக்கும்போது பணம் முடங்கிப்போகும். இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாத கணக்கும் செயலற்றதாகிவிடும். கணக்கு எண்ணை வெளியிடும் முன் வங்கிக்கு நேரில் போய் ஆதாரும் பான் கார்டும் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். உதவுகிற நண்பரின் சொந்தக் கணக்கில் வாங்குவது நட்புக்கும் கேடு, கணக்குக்கும் கேடு. உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம் ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவருக்கு வருமானமாகக் கணக்கிடப்படும் என்பதால், மருத்துவமனைக்கு உரியதை அங்கேயே நேராகக் கட்டச் சொல்வது நல்லது. மருத்துவமனைகளுக்கு யு.பி.ஐ. மூலம் ஒரே தடவையில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டலாம்.

உதவி கேட்கும் படத்தில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையை அப்படியே போடுகிறார்கள். அதில் கைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் இருக்கலாம். மறைத்துவிட்டுப் போடுங்கள். முடி கொட்டிய முகத்தையும் குழந்தைகளையும் போடத்தான் வேண்டுமா என்று நோயாளியிடமே ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதே படத்தை எடுத்து கியூ.ஆர். கோடை மட்டும் மாற்றிப் பரப்புகிற திருட்டும் நடக்கிறது. கோடுக்குக் கீழே கணக்குக்காரர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, 'வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்' என்று எழுத வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். உதவி கேட்கும் அறிவிப்புகளை வெளியிடும்போது சிகிச்சைக்கு எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று இரண்டு தொகைகளாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். வெளியிட்ட தேதியும், வசூல் முடியும் தேதியும், மிச்சமானால் யாருக்குப் போகும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். தேதி இல்லாத அறிவிப்புகள் நோயாளி இறந்து ஓராண்டு ஆன பிறகும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யாரோ ஒருவர் விசாரிக்க, அந்த வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
மருத்துவ உதவி திரட்டும் நண்பர்கள்,
பட்டுக்கோட்டை வட்டம்