இரண்டாவது வரி

கொக்குவில்,
2026 மே 20.

அன்புள்ள மகளுக்கு,

அம்மம்மா இப்பதான் கண்ணயர்ந்தா. இங்கே இரவு பத்தரை, உனக்கு அங்கே பின்னேரம் ஆறு மணி. போனில் கதைக்க வெளிக்கிட்டால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று கெதியாய் வைத்துவிடுவாய். அதனால் கொப்பித் தாளில் எழுதுகிறேன், முடிந்ததும் படம் எடுத்து அனுப்புவேன். எழுத்துகளை உனக்காகப் பிரித்துப் பிரித்துத்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பத்து வருடம் போன பிள்ளை நீ, மெதுவாய் வாசித்தால் எல்லாம் விளங்கும். விளங்காத சொல்லை அப்பாவிடம் கேள். அவரைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் தனியாய் இருந்து வாசி.

அப்பா நேற்றுச் சொன்னார், மருந்தாளர் படிப்புக்கு உனக்கு ஓம் சொன்ன நாலு பல்கலைக்கழகங்களில், நொட்டிங்ஹாமை ஃபேர்ம், அதாவது முதல் தெரிவு என்றும், கார்டிஃபை இன்ஷூரன்ஸ், அதாவது அது தவறினால் இருக்கும் இரண்டாவது தெரிவு என்றும் போடப்போகிறாயாம். ரெடிங்கையும் ஹட்ஃபீல்டையும் வேண்டாம் என்று விடப்போகிறாயாம். நொட்டிங்ஹாமைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று குசினிக் கதவில் சாய்ந்தபடி, சப்பாத்தும் கழற்றாமல், அந்த ஆய்வுகூடத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தாய். அது உன் இடம். முதல் பெட்டியில் அதைப் போடு.

எனக்குக் கவலை இரண்டாவது பெட்டிதான்.

நொட்டிங்ஹாம் உன்னிடம் கேட்டிருப்பது ஏஏபி, இரண்டு பாடத்துக்கு ஏ, ஒன்றுக்கு பி. கார்டிஃப் கேட்டிருப்பதும் ஏஏபி. பெறுபேறு வரும் ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை காலை, கெமிஸ்ட்ரியில் ஒரு படி இறங்கி ஏபிபி என்று வந்தால் என்ன நடக்கும்? ஒரே கிளையில் இரண்டு கயிறு கட்டி ஊஞ்சல் போட்ட மாதிரி. கிளை முறிந்தால் இரண்டு கயிறும் சேர்ந்துதான் வரும். இன்ஷூரன்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்ததே, முதலாவது தவறினாலும் கையில் நிற்பதற்குத்தான். அதற்குக் கேட்கும் பெறுபேறு முதலாவதைவிடக் குறைவாய் இருக்கவேண்டும். ஒரு படி குறைந்தால் போதாது, உன் விஷயத்தில் இரண்டு படி குறைந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

நீ கெட்டிக்காரி இல்லை என்று இதைச் சொல்லவில்லை. மொக் சோதனையில் கெமிஸ்ட்ரி பி வந்தபோது நீ அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்ததை நான் மறக்கவில்லை, அதற்குப் பிறகு விடியக் காலை எழும்பிப் படித்ததையும் மறக்கவில்லை. ஆனால் சோதனை மண்டபத்தில் ஒரு கேள்வியை மாறி விளங்கிக்கொள்வதற்கும் கெட்டித்தனத்துக்கும் தொடர்பில்லை. ஒரு படி தவறினாலும் இடம் மிச்சம் இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்வதுண்டு, நீயும் அதைத்தான் அப்பாவிடம் சொன்னாயாம். உண்மைதான். அது அன்றைக்கு அவர்கள் மனம் வைப்பது. உன் கையில் இருப்பது இல்லை.

போன வருடம் எங்கள் மருந்துக் கடையில் என்னோடு நிற்கும் ஒருத்தியின் மகளுக்கு இதுதான் நடந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே பெறுபேறு கேட்ட இடங்கள். காலை ஒன்பது மணிக்கு முதல் அவ மருந்துப் பெட்டிகள் அடுக்கும் பின்னறையில் நின்று, ஒரு கையில் போனும் மற்றக் கையில் பேனையுமாய், மகளுக்காக, மிஞ்சிய இடங்களைக் கொடுக்கும் கிளியரிங்கின் நம்பர்களை ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டிருந்தா. மகள் வீட்டில் இருந்து இன்னொரு போனில். ஒரு மருந்துப் பெட்டியின் முதுகில்தான் எழுதினா: எந்த ஊர், யார் கதைத்தது, எப்போது திருப்பி எடுப்பார்கள் என்று. மூன்றாம் நாள் ஒரு இடம் கிடைத்தது. பிள்ளை நன்றாய்த்தான் படிக்கிறாள். ஆனால் தான் ஒருநாளும் காணாத ஊருக்கு, ஒரு போன் அழைப்பில் ஓம் சொல்லிவிட்டுப் போனாள். விடுதி அறைகள் முடிந்துபோய், யாரோ தெரியாத வீட்டில் அறை எடுத்தாள். அந்தப் பெட்டியில் எழுதிய எழுத்து இப்பவும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ரெடிங்கை ஏன் விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். பிபிபி கேட்கும் இடத்தின் பெயரைப் போட்டால், சிநேகிதிகள் கேட்கும்போது சொல்ல ஒரு மாதிரி இருக்கும். அந்த ஒரு மாதிரியை நானும் அனுபவித்தவள். அதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். இதுவரை நான் சொல்லாத கதை.

அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு தகர ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. அவவின் கிளினிக் கொப்பியைத் தேடப்போய்ப் போன கிழமை திறந்தேன். அடியில், பழைய பொலித்தீன் பையில் சுற்றி, என்னுடைய உயர்தரப் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ், அவற்றோடு பல்கலைக்கழக அனுமதிக் கைநூல். நான் 1994இல் உயர்தரம் எடுத்தவள், பயோ. அப்போது நான்கு பாடம், நானூறு புள்ளிக்கு. இப்போது இருக்கும் இசட் புள்ளி எல்லாம் பிறகு வந்தது. கைநூலைப் பார்த்து, எந்தப் படிப்பு, எந்தக் கம்பஸ் என்று விருப்ப ஒழுங்கில் ஒரு விண்ணப்பம் நிரப்பவேண்டும். உங்களைப் போலக் கம்பஸ்களில் இருந்து எங்களுக்கு ஒஃபர் வந்து, அதில் நாங்கள் தெரிவு செய்வது கிடையாது. எங்கள் மாவட்டத்துக்கு அந்த வருடம் வெட்டுப்புள்ளி எவ்வளவோ, அதன்படி எங்கள் வரிசையில் முதலில் எது பொருந்துகிறதோ அதைத் தருவார்கள். எழுதாத படிப்பு கிடைக்காது.

அம்மப்பா அந்தக் கைநூலில் பென்சிலால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். மருத்துவம், யாழ்ப்பாணம். மருத்துவம், கொழும்பு. மருத்துவம், பேராதனை. பிறகு பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம், யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம், விஞ்ஞானம். எட்டுச் சரி. நான் எழுதியது மூன்று. மருத்துவத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினால் எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். டியூட்டரியில் எல்லாரும் "இவள் மெடிசின்தான்" என்று சொல்லிச் சொல்லி, அதற்குக் கீழே எழுதக் கை கூசியது. அம்மப்பா, "பிள்ளை, எழுதி வை, வந்தால் வேண்டாம் எண்டு சொல்லலாம்தானே" என்றார். நான் கேட்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைந்தது. நாலே நாலு. விவசாயத்துக்கு என் புள்ளி தாராளமாய்ப் போதும், ஆனால் அந்த வரியில் ஒன்றும் இல்லை.

திருப்பி எடுக்கலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன். சண்டை நெருங்கி வர, 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அம்மம்மா அரிசியும் தேங்காயும் எடுத்தா, அம்மப்பா இந்தப் பையை எடுத்தார். சான்றிதழ்கள் எடுத்தது விளங்குகிறது, எல்லாரும் எடுத்தார்கள். முடிந்துபோன வருடத்துக் கைநூலை ஏன் எடுத்தார் என்றுதான் போன கிழமை இந்தக் கட்டிலடியில் இருந்து யோசித்தேன். அடுத்த முறை நான் எட்டையும் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அடுத்த முறை என்று ஒன்று எனக்கு வரவில்லை. திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்டு, ஆங்கிலம் படித்து, கலியாணம் ஆகி, லண்டன் வந்து, மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் டிஸ்பென்சர் வேலைக்குச் சோதனை எடுத்தேன். இந்த வேலையை நான் விரும்பித்தான் செய்கிறேன், அது உனக்குத் தெரியும். ஆனால் சண்டை என்னிடம் இருந்து பறித்தது ஒன்று, நானே வெறுமையாய் விட்டது ஒன்று. முப்பது வருடம் இரண்டையும் சேர்த்துச் சண்டையின் கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறேன்.

சரி, இனி மருந்தாளர் படிப்பைப் பற்றி. இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும், பதினாறு வருடம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எம்.பார்ம் என்ற அந்தப் படிப்பு பொதுவாய் நாலு வருடம். ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சில் அங்கீகரித்த படிப்பாய் இருக்கவேண்டும், உனக்கு ஓம் சொன்ன நாலும் அப்படித்தான். அதன் பிறகு ஒரு வருடப் பயிற்சி. பிறகு பதிவுச் சோதனை, நொட்டிங்ஹாம் பிள்ளைக்கும் ஹட்ஃபீல்ட் பிள்ளைக்கும் ஒரே தாள். பதிவேட்டில் பெயரும் இலக்கமும்தான் இருக்கும், எந்தக் கம்பஸ் என்று இருக்காது. எங்கள் கடைக்கு வரும் மருந்தாளர்களில் யார் எங்கே படித்தவர் என்று எனக்குத் தெரியாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கும் ஒரு கிழவருக்கு டொக்டர் எழுதிய அன்டிபயோட்டிக்கைப் பார்த்து, பேனையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பவர் யார், எடுக்காதவர் யார் என்று தெரியும். நாங்கள் ஆட்களைப் பிரித்து அறிவது அதில்தான்.

எல்லா இடமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. உனக்கு நொட்டிங்ஹாமில் பிடித்தது ஆராய்ச்சி, அது கிடைத்தால் நல்லது, அதற்காகத்தான் அது முதலில். ரெடிங்கில் போய் இருந்தால் நீ மருந்தாளராய் வருவதில் ஒரு நாளும் பிந்தாது.

இன்னொன்றையும் வடிவாய் விளங்கிக்கொள். ஃபேர்ம் கிடைத்துவிட்டால் இன்ஷூரன்ஸ் தானாய்ப் போய்விடும், அன்றைக்கு இரண்டையும் வைத்துத் தெரிவு செய்ய ஏலாது. ஃபேர்ம் தவறி இன்ஷூரன்ஸ் பொருந்தினால் உன் இடம் அதுதான். வேண்டாம் என்றால் அந்த இடத்தை நீயே விட்டுவிட்டுக் கிளியரிங்குக்குப் போகவேண்டும். ஆகவே ஒப்புக்குப் போடும் பெயராய் அது இருக்கக்கூடாது. செப்டம்பரில் நீ உண்மையாகவே பெட்டி கட்டிக்கொண்டு போகக்கூடிய இடமாய் இருக்கவேண்டும். வருகிற கிழமை ஹாஃப் டேர்ம் லீவுதானே. ஒரு நாள் காலை புத்தகத்தை மூடிவிட்டுப் போய்ப் பார். ஈலிங் புரோட்வேயில் எலிசபெத் லைன் ஏறினால் நேரே ரெடிங். வைட்நைட்ஸ் வளாகத்துக்குள் ஒரு ஏரி இருக்கிறது, அதன் கரையில் இருந்து சாப்பிடு. அங்கே நாலு வருடம் உன்னை நீ காண்கிறாயா என்று பார். மனம் ஒட்டவே இல்லை என்றால் ஹட்ஃபீல்டைப் போடு. இரண்டும் வேண்டாம், தவறினால் ஒரு வருடம் நின்று திருப்பி எடுப்பேன் என்றால் அதையும் வாய் திறந்து சொல்லு, நான் அதற்கும் சம்மதம். வெட்கத்தில் ஒரு பெட்டியை வீணாக்குவதற்கு மட்டும் சம்மதம் இல்லை.

போகும்போது ஒன்று கேட்டு வா: இன்ஷூரன்ஸாய் வருகிற பிள்ளைகளுக்கு விடுதி அறை எப்படி என்று. பல இடங்களில் ஃபேர்ம் போட்டவர்களுக்குத்தான் அறை உறுதி, மற்றவர்களுக்கு மிஞ்சினால்தான். ஈமெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள். படிப்புக் கடனுக்கு, ஸ்டூடன்ட் ஃபினான்ஸுக்கும் இப்பவே போடு. ஒரு இடத்தின் பெயரில் போட்டுவிட்டு ஆகஸ்டில் மாற்றலாம், காத்திருந்தால் செப்டம்பரில் கைக்காசு இராது. நீ விண்ணப்பம் போட்ட யூகாஸ் பக்கத்தில் உனக்குக் காட்டியிருக்கும் கடைசித் திகதியைத் தவறவிடாதே. பதில் சொல்லாமல் விட்டால் எல்லாவற்றையும் வேண்டாம் என்றதாய் எடுத்துவிடுவார்கள்.

இனி அப்பாவைப் பற்றி. அவர் ஹட்ஃபீல்ட், ஹட்ஃபீல்ட் என்று சொல்வது, ஹரோவில் இருந்தே காரில் போய் வரலாம் என்பதற்காக. நீ அதைக் காசுக் கணக்கென்று நினைக்கிறாய். காசும் ஒரு பங்கு. படிப்புக் கட்டணம் வருடம் 9,790 பவுண் என்று கண்டதும் அவருக்கு ஊரில் வட்டிக்கு வாங்கியதுதான் ஞாபகம் வருகிறது. நான் அவருக்குச் சொல்லிவிட்டேன்: சம்பளம் 25,000 பவுணுக்கு மேலே போனால் அந்த மேலதிகத்தில் நூற்றுக்கு ஒன்பதுதான் கடனுக்குக் கட்டுவது, நாற்பது வருடத்தில் மிச்சம் இருந்தால் அழிந்துவிடும், வீட்டு வாசலில் ஒருவரும் வந்து நிற்கமாட்டார்கள் என்று. தலையாட்டினார். ஆனால் பிள்ளை, அவர் 19 வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். படலையில் நின்ற தாயைத் திரும்ப உயிரோடு காணவில்லை. ஒரு பிள்ளை பெட்டியோடு வாசலைத் தாண்டுவது என்றால் அவருக்குள் அதுதான் ஓடும். இரவு வேலை முடிந்து வந்து, நீ பள்ளிக்கூடம் வெளிக்கிடும்வரை நித்திரை கொள்ளாமல் இருக்கிறாரே, அதுவும் அதுதான். அவரோடு வாதாடாதே. ரெடிங் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. ஏரிக்கரையில் இருந்து சாப்பிடும்போது அவரே உனக்குச் சொல்லுவார், எந்த இடம் என்று.

ஃப்ரீசரில் மேல்தட்டில் ஆட்டிறைச்சிக் கறி இருக்கிறது, பெட்டியில் நாள் எழுதியிருக்கிறேன். தம்பியைக் கணக்குப் பாடம் கேட்டு உன்னைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மம்மா இன்றைக்கு வோக்கரைப் பிடித்து விறாந்தைவரை நடந்தா. நான் ஜூலை கடைசியில் வந்துவிடுவேன். 13ஆம் திகதி காலை உன் பக்கத்தில் இருப்பேன், எந்தப் பெட்டி திறந்தாலும்.

கைநூலையும் கொண்டு வருகிறேன். அம்மப்பாவின் பென்சில் எழுத்தை நீ ஒருமுறை பார்க்கவேண்டும்.

பின்னேரம் இதை எழுதத் தாள் கிழித்தபோது அம்மம்மா, "ஆருக்குக் கடிதம்?" என்று கேட்டா. சொன்னேன். "ரெடிங் எண்டால் எந்தப் பக்கம்? கடல் இருக்கோ?" என்று கேட்டா. எனக்குச் சரியாய்ச் சொல்லத் தெரியவில்லை. போய் வந்ததும் நீயே போன் எடுத்து அவவுக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா