துடைப்பம் தண்டனை ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம், சிறை, அபராதம் ஆகியவற்றோடு சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்கும் குறைந்த பொருளைத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் முறையாகத் தண்டனை பெறுபவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர், அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டவர் போன்றோரின் ஆறு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். கொருக்குப்பேட்டையில் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது.

வரவேற்பதற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். முந்தைய சட்டம் இருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், கடை வாசலில் நின்ற சைக்கிளை எடுத்து விற்றுவிட்டான். சைக்கிள் மறுநாளே கிடைத்துவிட்டது. அவன் புழல் சிறையிலிருந்து ஜாமீனில் வெளியே வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. லேத் பட்டறையில் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. உள்ளே பழக்கமான நாலைந்து பேர்தான் பிறகு அவனைத் தேடி வந்தார்கள். முதல் குற்றவாளியை எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடலாம் என்றும், 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் அதற்கான காரணத்தை நீதிமன்றம் எழுத வேண்டும் என்றும் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சலுகையெல்லாம் குற்றம் நிரூபணமான பிறகுதான். அதற்கு வெகு முன்பே, ரிமாண்டில், அதாவது விசாரணைக் காலக் காவலில், அவன் சிறையைப் பார்த்தாகிவிட்டது. இப்போது 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகியிருப்பது ஆறுதல் தருகிறது. (ஒரு பழைய செல்போனே அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம்.)

என் கவலை, அந்தச் சேவை என்னவாக இருக்கப் போகிறது என்பதுதான். நீதிமன்றம் உத்தரவிடும், சமூகத்துக்குப் பயன் தரும், ஊதியமில்லாத வேலை என்பதற்கு மேல் சட்டம் விளக்கவில்லை. எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்றும் அது வரையறுக்கவில்லை. இப்படி விட்டுவிட்டால், எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது தெருக்கூட்டுவதுதான். நானும் தாமதமாக வரும் பிள்ளைகளை வகுப்பறையைப் பெருக்கச் சொன்னவள்தான். ஒருநாள் ஒரு சிறுமி, “எங்கம்மா டெய்லி இதத்தான் செய்யுது, அது இன்னா தப்பு பண்ணுச்சு, டீச்சர்?” என்று கேட்டாள். தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் இத்தனை வாழும் வடசென்னையில், அவர்கள் விடியற்காலையில் செய்யும் தொழிலை நீதிமன்றம் ஒருவனுக்குத் தண்டனையாக விதிப்பது அவர்களையும் சேர்த்துத் தண்டிப்பதாகும்.

வேறு வேலையா இல்லை? பைக் ரேஸ் வழக்கில் சிக்கிய இளைஞர் ஒருவரை, அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் ஊழியர்களுக்கு உதவ வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையோடு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் முதியவர்களுக்கு வழிகாட்டலாம். வெல்டிங், வயரிங் தெரிந்தவர் மாநகராட்சிப் பள்ளியின் உடைந்த பெஞ்சையும் ஓடாத மின்விசிறியையும் சரிசெய்து தரலாம். ஆனால் துறைமுகத்திலும் காசிமேட்டிலும் அன்றாடக் கூலிக்குச் சுமை தூக்குகிறவரைப் பகல் முழுதும் நிறுத்திவைத்தால் அன்றிரவு அவர் வீட்டில் உலை ஏறாது. ஆகவே மாலை இரண்டு மணி நேரம் அல்லது ஞாயிற்றுக்கிழமை என்று வகுக்க வேண்டும். மேற்பார்வையைக் காவல் நிலையத்திடம் விடாமல், நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலரிடம் ஒப்படைத்து, எந்தெந்த இடத்தில் என்னென்ன பணி என்ற பட்டியலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தயாரித்து நீதிமன்றங்களுக்குத் தரலாம்.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிச் சேவை செய்ய வருகிறவர்களின் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். அந்தப் படம் அவர்கள் அடுத்து வேலை கேட்டுப் போகும் பட்டறைக்கு அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கொருக்குப்பேட்டை, சென்னை.