ஜோன் லயல் மறைந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை 2006

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாகசபை நண்பர்களே, ரோல்ஸ் பொரிந்து வரும்வரை பொறுமையாக இருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

போன வருட அறிக்கை நீண்டுவிட்டது என்று முறைப்பாடு வந்தது. ஆகவே வழக்கமான விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் சனிக்கிழமைப் பயிற்சி தடையில்லாமல் நடந்தது. கோடைச் சுற்றுப்போட்டி அரையிறுதியோடு மழையில் நின்றது. கிண்ணம் இன்னும் தலைவர் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு ஒருவருக்கும் கொண்டாட மனம் வரவில்லை. இராப்போசன விழாவைக் கைவிட்டோம். சந்தா நிலுவை பற்றி நான் பேசப்போவதில்லை, நிலுவை வைத்திருப்பவர்களுக்கே அது தெரியும்.

சரி, இனி வருடத்தின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

2006 பிறந்து ஆறு வாரத்துக்குள், பெப்ரவரி 9இல், றொன் கிறீன்வூட் காலமானார். 1961 முதல் 1974 வரை எங்கள் கிழக்கு லண்டன் உதைபந்தாட்டக் கழகமான வெஸ்ற்ஹாமின் முகாமையாளர். 1966இல் இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்றபோது அந்த அணியில் இருந்த பொபி மூர், ஜெஃப் ஹேர்ஸ்ற், மார்ட்டின் பீற்றர்ஸ் மூவரும் அவருடைய ஆட்டக்காரர்கள். எங்களில் ஒருவர்கூட அவருடைய காலத்தைக் கண்ணால் கண்டதில்லை. மாதக் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம், அவ்வளவுதான்.

பத்து வாரம் கழித்து, ஏப்ரல் 18இல், அவருக்குப் பின் அந்த நாற்காலியில் இருந்த ஜோன் லயலும் போய்விட்டார். மாரடைப்பு. வயது 66தான். இது எங்களுக்கு வேறு மாதிரி விழுந்தது.

அந்த வாரமே பொருளாளர் வீட்டில் அவசரக் கூட்டம் வைத்தோம். அஞ்சலி நிகழ்வு ஒன்று செய்யலாம் என்று நான் சொன்னதும் ஓர் அங்கத்தவர் எழுந்தார். "ஊரில் சனம் செத்துக்கொண்டிருக்குது. நாங்கள் இஞ்சை வெள்ளைக்காரக் கோச்சுக்கு மண்டபம் எடுத்து விளக்குக் கொளுத்தப் போறமோ?" என்று கேட்டார். கூட்டக் குறிப்பில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். நியாயமான கேள்வி. அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நான் 1985 கோடையில் இங்கே வந்து இறங்கினேன். கிறீன் ஸ்றீற்றுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஓர் அறை, நான்கு பேர். வந்து சில கிழமைக்குள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் திடீரென்று பெரிய இரைச்சல். ஆயிரக்கணக்கான ஆண் குரல்கள், ஒரே நேரத்தில். நாங்கள் கதவைப் பூட்டி, லைற்றை நூர்த்து, கட்டிலில் இருந்துவிட்டோம். நாங்கள் விட்டுவந்த இடத்தில் சனம் ஒன்றாகக் கத்தினால் அது நல்லதுக்காக இருந்ததில்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கிழவர், கப்பல்துறையில் வேலை செய்து ஓய்ந்தவர், விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அது பக்கத்து அப்டன் பார்க் மைதானத்தில் வெஸ்ற்ஹாம் கோல் அடித்த சத்தமாம்.

அடுத்த சொந்த மைதான ஆட்டத்துக்கு அவரே என்னைக் கூட்டிப்போனார். அந்த வருடம் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் லீக்குக்கும் ஒப்பந்தச் சண்டை, ஜனவரி வரும்வரை ஆட்டம் எதுவுமே ரீவியில் இல்லை. ஆகவே ஸ்கொட்லாந்திலிருந்து லயல் கொண்டுவந்த பிறாங் மக்அவெனி என்ற வெள்ளைத்தலைப் பெடியன் கோலுக்கு மேல் கோலாகப் போட்டுத் தள்ளுவதை நாடு பத்திரிகையில் வாசித்தது, நாங்கள் நேரே பார்த்தோம். அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் மக்அவெனி 26, ரொனி கொட்டி 20. ஏப்ரல் 21இல் நியூகாசிலை 8-1 என்று அடித்த இரவு நான் நின்றேன். பின்வரிசை ஆட்டக்காரர் அல்வின் மார்ட்டின் மூன்று கோல் போட்டார், மூன்றும் மூன்று வேறு கோலிகளுக்கு, அதாவது கோல்காப்பாளர்களுக்கு! முதலாமவருக்குக் காயம், இரண்டாமவருக்கும் காயம், கடைசியில் முன்வரிசை ஆட்டக்காரர் பீற்றர் பியர்ட்ஸ்லி கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். வெஸ்ற்ஹாம் மூன்றாமிடம். கழகம் அதற்கு மேல் ஒருபோதும் ஏறியதில்லை. எனக்கு ஆங்கிலம் முக்கால்வாசி அந்த மைதானப் படிக்கட்டில் வந்தது. வீட்டில் பேச முடியாத பங்கும் அதில் உண்டு.

லயலை அந்த வருடம் நான் கவனித்தது குறைவு. கோட்டும் ரையுமாக ஒருவர், அவ்வளவுதான். அவருடைய கதையைப் பிறகு கிழவர் தவணை முறையில் சொன்னார். இல்ஃபோர்டில் பிறந்த பொலிஸ்காரர் மகன். பெடியனாக இதே கழகத்தில் சேர்ந்து முதல் அணியில் ஆடி, முழங்கால் உடைந்து இருபதுகளின் தொடக்கத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. கழகம் அவரைச் சம்பளப் பகுதியில் கணக்கு எழுத வைத்தது. பிறகு இளையோர் அணிக்குப் பயிற்சி, பிறகு கிறீன்வூட்டுக்கு உதவி, 1974இல் பொறுப்பு முழுவதும் கையில். அடுத்த வருடமே எஃப்.ஏ. கிண்ணம். இறுதியில் ஃபுல்ஹாமுக்கு எதிராக அலன் ரெய்லர் இரண்டு கோல். எதிரணியில் நின்றவர் பொபி மூர். 1978இல் அணி இரண்டாம் பிரிவுக்கு விழுந்தது. இன்றைக்கென்றால் அன்று மாலையே ஆளை மாற்றிவிடுவார்கள். கழகம் அவரை வைத்துக்கொண்டது. அவர் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே 5,65,000 பவுண் கொடுத்து பில் பார்க்ஸை வாங்கினார், அந்த நேரம் உலகத்தில் ஒரு கோலிக்குக் கொடுத்த மிகப் பெரிய விலை. 1980இல் அதே இரண்டாம் பிரிவு அணியோடு வெம்பிளிக்குப் போய், ட்ரெவர் புறூக்கிங் குனிந்து தலையால் இடித்த ஒரு கோலில் ஆர்சனலை வென்றார். அந்தக் கிண்ணத்தால் ஐரோப்பாவுக்குப் போய், மட்றிட்டில் ரசிகர்கள் செய்த குழப்பத்துக்குத் தண்டனையாக அப்டன் பார்க்கில் ஸ்பானிய அணி காஸ்தில்யாவோடு பூட்டிய கதவுக்குள் ஆட வேண்டி வந்தது. அன்று உள்ளே இருந்தவர்கள் 262 பேர். 5-1. கிழவர் வெளியே தெருவில் நின்றாராம். உள்ளே கத்துவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது என்று சத்தியம் செய்வார்.

இப்போது எனக்குக் கஷ்டமான பகுதி. 1989இல் மறுபடி விழுந்தோம். கடைசி ஆட்டம் லிவர்பூலில் 5-1 தோல்வி. அந்த வருடம் "லயலை அனுப்பு" என்று மைதானத்தில் கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோடையில் அனுப்பினார்கள். 34 வருடம் ஒரே கழகத்தில் இருந்த மனிதர். அவர் இப்சுவிச்சுக்குப் போய் 1992இல் அவர்களை இரண்டாம் பிரிவு முதல்வராக்கி, முதலாவது பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தார். 1994 முடிவில் ஒதுங்கினார். அதன் பிறகு சஃபோக் பக்கம் விவசாயம். அலெக்ஸ் ஃபேர்கசன் மன்செஸ்ரருக்குப் புதிதாக வந்தபோது, அந்த அணி ஆட்டக்காரர்களைப் பற்றித் தான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை லயல் அனுப்பிக் கொடுத்தாராம். இதைச் சொன்னவர் ஃபேர்கசனேதான். போட்டி அணிக்காரன் எவன் இப்படிச் செய்வான்? இதை நான் வாசித்தது மிகப் பிந்தி. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். சஃபோக் என்ன, கண்டியா? லண்டன் லிவர்பூல் ஸ்றீற்றில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம்.

அஞ்சலி நிகழ்வு ஏப்ரல் 22, சனிக்கிழமை. பதாகை ஒன்று அடிக்கக் கொடுத்தோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். அச்சுக்கடை பெயர் வேண்டாம். விரித்துப் பார்த்தால் "ஜோன் லாயல் அவர்களுக்கு எங்கள் அஞ்சலி" என்று நிற்கிறது. நான் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன். தலைவர் மறித்து, "விடும், அந்தாளுக்கு அது பொருந்தும்" என்றார். ஆங்கிலத்தில் லாயல் என்றால் விசுவாசமானவர். அப்படியே கட்டினோம். கூட்டத்தில் கேள்வி கேட்ட அங்கத்தவரும் வந்தார், கடைசி வரிசையில் இருந்தார். முதலில் ஊரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம், பிறகு லயலுக்கு. அந்த ஒழுங்கை அவர்தான் கேட்டார், அதுதான் சரியும்கூட. கிழவருக்கு 80 கடந்துவிட்டது. தடியோடு வந்து, 1980 இறுதி ஆட்டத்து நுழைவுச்சீட்டின் கிழிந்த பாதியைப் பணப்பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். மஞ்சளாகி, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. ஒவ்வொரு கையாக மண்டபம் முழுக்கச் சுற்றித் திரும்ப வரும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெடியங்கள் குழம்புக் கையோடு தொட்டுவிடுவார்கள் என்ற பயம்.

அடுத்த நாள் இரண்டு வான் வண்டியில் பேர்மிங்ஹாம், வில்லா பார்க்கில் மிடில்ஸ்புறோவோடு எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. வெஸ்ற்ஹாம் பக்கம் லயல் பெயர் சொல்லி எழுந்த கோஷம் அடங்கவே இல்லை. 1989இல் கத்தியவர்களும் அதற்குள் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஹெயர்வூட் கோலில் 1-0.

மே 13, கார்டிஃபில் லிவர்பூலோடு இறுதி. இரண்டு பேர் போனார்கள், மிச்சப்பேர் மண்டபத்தில். 3-2 என்று நாங்கள் முன்னால் நிற்க, 90 நிமிடம் கடந்தது. ஒருவர் கேக் வெட்டக் கத்தியை எடுத்தார். அவர் பெயரைப் பதிவேட்டில் குறிக்கும்படி பிரேரணை வந்தது, தலைவர் தடுத்துவிட்டார். அடுத்த நிமிடம் லிவர்பூலின் ஜெராட் எங்கேயோ தூரத்திலிருந்து அடித்தார். பெனல்ரியில் 3-1, கிண்ணம் லிவர்பூலுக்கு. கேக்கை யாரும் தொடவில்லை. பிள்ளைகள் மட்டும் ஐசிங்கைச் சுரண்டினார்கள்.

இப்போதைய நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆர்ஜென்ரீன ஆட்டக்காரர் ரெவெஸ் வந்தும் நாங்கள் அடியில்தான் கிடக்கிறோம். டிசம்பரில் முகாமையாளர் பார்டூவை அனுப்பினார்கள். வந்திருக்கும் அலன் கேர்பிஷ்லி, ஃபொறெஸ்ற் கேற்றில் பிறந்து லயல் கையில் ஆடிய பெடியன். புத்தாண்டு தினம் ரெடிங்கில் 6-0 வாங்கியதும் எங்கள் ஆட்களில் சிலர் அவரையும் அனுப்பச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் இந்த முறை வாய் திறக்கவில்லை.

கிழவர் நவம்பரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார், இப்போது மகள் வீட்டில். கிழமைக்கு ஒருவராகப் போய்வருவதற்கு ஒரு பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. மார்ச் வரை வெறுமையாக இருக்கிறது, தயவுசெய்து பெயர் எழுதுங்கள். அவர் இடியப்பம் சாப்பிடுவார், சம்பல் உறைப்பைக் குறையுங்கள்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் இரண்டு தவணை இருந்துவிட்டேன், இம்முறை போட்டியிடவில்லை. "லாயல்" பதாகை எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே சுருட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரி பல தடவை சொல்லிவிட்டார். புதிய செயலாளர் இன்று இரவே காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

நன்றி.

செயலாளர்
ஈஸ்ற்ஹாம், ஜனவரி 2007