கிராங்கை அளந்த பிறகு முடிவு செய், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் லாரியின் இன்ஜினைப் படம் எடுத்து நீ அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது ராடில், அதாவது பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பியில், பேரிங்கின் அரைவட்டத் தகடுகள் (ஷெல்) இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஷெல்லைப் பிடித்து நிறுத்தும் சின்ன நாக்கு மழுங்கிப் போயிருக்கிறது. சம்பின் (ஆயில் தொட்டியின்) அடியில் மினுங்குவது பேரிங்கின் செம்புத் தூள். பேரிங் தன் இருக்கையில் நிற்காமல் சுற்றிவிட்டது, அதில் சந்தேகமில்லை.

மெக்கானிக் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார், மாப்பிள்ளை பேரிங் மட்டும் போட்டு ஓட்டலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இருவருமே இன்னும் எதையும் அளக்கவில்லை. பிளாக்கும், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உடலும், கிராங்கும் பிழைத்திருந்தால் அது கட்டக்கூடிய இன்ஜின். அவை போயிருந்தால் எவ்வளவு மலிவான ரிப்பேரும் வீண் செலவுதான். அதனால் முதலில் இன்ஜினை முழுசாக இறக்கி, அவிழ்த்து, கழுவி, அளக்கச் சொல். அதற்கான கூலியைத் தனியாகப் பேசிக் கொடுத்துவிடு. அவிழ்த்த கூலிக்காகவே அந்தப் பட்டறையில் வேலையை முடிக்க வேண்டிய கட்டாயம் உனக்கு வரக்கூடாது.

உன் 2518 லாரியில் இருப்பது கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர். இதில் சிலிண்டருக்குள் தனிக் குழாயாக லைனர் கிடையாது, பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது. கிராங்கில் ராடு உட்காரும் பின் புதிதாக 69 மி.மீ., கிராங்க் பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல் 83 மி.மீ. லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னையும் இரண்டு திசையில் அளந்து தாளில் எழுதித் தரச் சொல். வெர்னியரில் அளந்ததை ஏற்காதே. பின் 0.05 மி.மீ.க்கு மேல் நீள்வட்டமாகப் போயிருந்தால் கிரைண்டிங் கட்டாயம். கிரைண்டிங்கில் சிறுத்த பின்னுக்கான அண்டர்சைஸ் பேரிங் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கிடைக்கும். 0.25 அல்லது 0.50-க்குள் பின்னில் விழுந்த கோடு அழிந்தால் மனசு தேறலாம். 1.00 வரை இறங்கினால்தான் சுத்தமாகும் என்றால் அந்தக் கிராங்கை ஒதுக்கிவிடு, லோடு இழுக்கும் வண்டிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது பின் நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருக்கிறதா பார். படத்தில் வெளிச்சம் போதவில்லை. நீலம் என்றால் அந்த இடம் சூட்டில் பதம் இழந்திருக்கிறது. மேக்னாஃப்ளக்ஸ் என்ற காந்தச் சோதனை போட்டு விரிசல் பார்க்காமல் கிரைண்டிங்குக்குக் கொடுக்காதே. கிரைண்டிங் முடிந்து வந்ததும் நீயே விரலை வைத்துத் தடவு: பின்னும் பக்கச் சுவரும் சேரும் மூலை வளைவாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். அங்கே கூர்மையான மூலை விட்டிருந்தால் கிராங்க் பிற்பாடு முறிவது அந்த இடத்தில்தான். ஆயில் துளைகளுக்குள் பிரஷ் விட்டுக் கழுவினார்களா என்றும் கேள். கிரைண்டிங் தூள் உள்ளே தங்கினால் புது பேரிங் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது.

சூடு வாங்கிய அந்த ராடைத் தூக்கிப் போடு. அதை மறுபடி மாட்டுவதில் மிச்சமாகும் காசு ஒரு நாள் டீசலுக்குக்கூட ஆகாது. மற்ற ஐந்து ராடுகளும் அவற்றின் அடிமூடியான கேப்பும் எந்த ஜோடியில் வந்தனவோ அதே ஜோடியில், நம்பர் ஒரே பக்கம் பார்த்தபடி திரும்பப் போக வேண்டும்.

பிளாக்கில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். சிலிண்டர் துளை புதிதாக 102.00 மி.மீ., தேய்மானம் 102.116 வரை ஏற்கலாம். அதைத் தாண்டினால் போரிங் செய்து 0.50 அல்லது 1.00 ஓவர்சைஸ் பிஸ்டன். ஏற்கெனவே 1.00 போட்டிருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற குழாயை அடிக்க வேண்டும், அதுவும் நல்ல வேலைதான், பயப்படாதே. அடுத்தது பிளாக்கின் மேல்முகம். நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விடும்போது 0.075 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் ஹெட் கேஸ்கட் நிற்காது. மூன்றாவதுதான் முக்கியம்: மெயின் பேரிங் உட்காரும் இடம். மெயின் ஷெல்லும் பிளாக்குக்குள் சுற்றியிருந்தால் எல்லா இருக்கைகளையும் ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங் வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்யும் பட்டறை குறைவு. அந்த நிலை என்றால் யோசிக்காமல் மாற்றிவிடு. ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தாலும் அப்படியே, வெல்டிங் பேச்சே வேண்டாம்.

டிரைவரைத் திட்டாதே. பொறுமையாக உட்கார வைத்துக் கேள்: ஆயில் லைட் எப்போது எரிந்தது, ஆயில் பிரஷர் முள் எங்கே நின்றது, அதற்கு முன் ஆயில் அளவு கூடியதா குறைந்ததா? இந்தப் பதிலில்தான் காரணம் இருக்கிறது. அளவு கூடியிருந்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயாப்ரம் கிழிந்தாலும், டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல் போனாலும் அப்படி ஆகும். மோந்து பார்த்தாலே தெரியும். பால் காபி நிறமாக இருந்தால் தண்ணீர்: ஆயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கட். இரண்டும் இல்லையென்றால் சம்புக்குள் இறங்கும் உறிஞ்சுக் குழாயைப் பார், விரிசலோ கேஸ்கட் கசிவோ இருந்தால் பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். காரணம் பிடிபடாமல் கட்டிய இன்ஜின் அதே பேரிங்கை மறுபடி தின்னும். புது இன்ஜின் போட்டாலும் அதேதான், பழைய லிஃப்ட் பம்பைத்தானே அதில் கழற்றி மாட்டுவார்கள்.

இன்ஜினைக் கட்டுவதற்கான கொட்டேஷனில் 1,65,000 ரூபாய் போட்டிருக்கிறது. வரிவரியாகப் படித்தேன். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட், கிரைண்டிங், கூலி எல்லாம் இருக்கிறது. ஆயில் கூலர் இல்லை. அம்மிணி, இதை மட்டும் விடவே விடாதே. பேரிங் உதிர்ந்த தூள் ஆயிலோடு போய் கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். எந்தத் திரவத்தில் ஊறவைத்தாலும் முழுசாக வராது. இன்ஜின் ஓடத் தொடங்கி ஆயில் சூடானதும் அது கிளம்பி நேராகப் புது பேரிங்குக்குப் போகும். கூலர் எலிமென்ட் புதிது. டர்போவைக் கழற்றி ஷாஃப்ட் ஆட்டம் பார்க்க வேண்டும். பிளாக்கின் உள்ளே பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் சின்ன நாசில்களையும் கழற்றி ஊத வேண்டும், பல பட்டறைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். இவற்றோடு ஆயில் பம்பு, ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்தால் 2,10,000-க்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொள்.

பழைய இன்ஜினைக் கொடுத்துக் கம்பெனி புதுப்பித்த இன்ஜினை வாங்கும் ரீகண்டிஷன் எக்ஸ்சேஞ்சுக்கு உனக்குச் சொன்னது 3,20,000. கிராங்க் 0.50-க்குள் தேறி, மெயின் இருக்கை நன்றாக இருந்தால் கட்டு. கிராங்கும் புதிதாக வாங்க வேண்டி வந்தால் இரண்டு தொகைக்கும் இடைவெளி சுருங்கிவிடும். அப்போது பன்னிரண்டு நாள் நிற்கும் வண்டி, இஎம்ஐ, வாரண்டி எல்லாம் எக்ஸ்சேஞ்ச் பக்கம் சாயும். பழைய இன்ஜினை ஒப்படைக்கும்போது உடைந்த பாகத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கு.

1,10,000-க்கு செகண்ட்ஸ் இன்ஜின் என்று ஒருவர் சொன்னாராம். ஓடவிட்டுக் காட்டாத இன்ஜினை வாங்காதே. சூடானபின் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வந்தால் ரிங் போனது. பிளாக்கில் அடித்த நம்பரைத் தேய்த்த தடம் இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடு. எந்த வழியில் இன்ஜின் மாற்றினாலும் நம்பர் ஆர்சியில் ஏற வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி மாற்றிய 14 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிக்க வேண்டும். வண்டி ஃபைனான்ஸில் இருப்பதால் அவர்களுடைய எழுத்துச் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும். இல்லாவிட்டால் எஃப்சியிலும் (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் கிளெய்மிலும் நீதான் அலைய வேண்டியிருக்கும்.

கட்டி முடித்ததும் சாவியை உடனே திருப்ப விடாதே. ஃபில்டரில் ஆயில் நிரப்பி, டர்போவின் ஆயில் வழியில் கொஞ்சம் ஊற்றி, டீசலை நிறுத்திவைத்து, முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாமல் இடைவெளி விடச் சொல். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கக்கூடாது, முழு வேகத்தில் 30-க்குக் குறையக்கூடாது. ஐடிலில் மணிக்கணக்காக விடுவதும் தப்பு, ரிங் உட்காராமல் சிலிண்டர் வழுக்கிப் போகும். பாதி லோடு ஏற்றி ஓட்டட்டும்.

முதல் ஆயில் ஃபில்டரை சீக்கிரமே கழற்றி, அறுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் படம் எடுத்து அனுப்பு. அதற்கு முன்னால் லேத் பட்டறை எழுதித் தரும் அளவுத் தாளை அனுப்பு, அதைப் பார்த்துவிட்டு இரவே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா